குயிலுக்கு அலறுவது தொழில்

என் நாத்தனாருக்கு அவளுடைய அப்பா வைத்த செல்லப்பெயர் குயில். பிறந்த அன்று அவள் போட்ட கூச்சலில் பிரசவ வார்டில் இருந்த மற்றக் குழந்தைகளெல்லாம் வாயடைத்துப் போயினவாம். குசும்பு பிடித்த மனிதர் என் மாமனார். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாப் பாடுதே, குயிலு" என்றிருக்கிறார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுடைய உண்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்றைக்கும் அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தேன். மாடியறையிலிருந்து "ஐயோ, கொல்றானே!" என்று ஒரு குரல். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கரண்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். அங்கே இவள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சம்மணம் போட்டு, கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கீழ பால் பொங்கப் போகுது அண்ணி" என்றாள். அதற்குள் பொங்கி அடுப்பும் அணைந்திருந்தது.

வானொலி நாடகங்களில் அவள் சாகாத சாவு கிடையாது. கிணற்றில் விழுந்திருக்கிறாள், கத்திக்குத்து வாங்கியிருக்கிறாள், ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டிருக்கிறாள். கதாநாயகியாகக் கொஞ்சிப் பேசுவதற்கு வேறு குரல்கள் உண்டு. அந்தக் கதாநாயகி அலற வேண்டிய கட்டம் வந்தால் மைக் முன்னால் இவள் வந்து நிற்பாள். அலறிவிட்டு நகர்ந்துகொள்வாள். நாடக முடிவில் இவள் பெயரைச் சொல்லமாட்டார்கள். அதைப்பற்றி அவளுக்குத் துளியும் வருத்தமில்லை. "பேசறதுக்கு ஊர்ல ஆயிரம் பேரு. கத்தறதுக்கு நான் ஒருத்திதான்" என்பாள். தொண்டையால் கத்தினால் மறுநாள் குரல் போய்விடும், அடிவயிற்றிலிருந்து கத்தவேண்டும் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். குழந்தைகளைக் கூப்பிட எனக்கு அது நன்றாகவே பயன்பட்டது.

கல்யாணம் ஒன்று ஆகி, ஒத்துவராமல் பெட்டியோடு திரும்பி வந்தவள். "என் குரலுக்கு அந்த வீடு சின்னது அண்ணி" என்பதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டாள். நானும் மேற்கொண்டு மூக்கை நுழைக்கவில்லை.

இப்படிப்பட்டவளைத் தேடித்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்தது. உளவியல் துறைப் பேராசிரியை ஒருவர் வானொலியில் இவள் செத்ததைக் கேட்டிருக்கிறார். தன்னுடைய ஆராய்ச்சிக்கு இந்தக் குரல்தான் வேண்டுமென்று சொல்லிவிட்டாராம். அலறலுக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களுக்குப் புரியவில்லை. முதல் நாள் போய்விட்டு வந்து, சாப்பிடும்போது அவளே விளக்கினாள்.

ஒரு அறையில் மேஜைமேல் ஒரு பலகை. அதில் வரிசையாகப் பொத்தான்கள். விளம்பரம் பார்த்து வரும் ஒருவரை அதன் முன்னால் உட்கார வைப்பார்கள். பக்கத்து அறையில் ஒரு பெண் பாடம் மனப்பாடம் செய்கிறாள், அவள் ஒவ்வொரு முறை தப்பாகச் சொல்லும்போதும் நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும், அவளுக்குக் கரண்ட் ஷாக் அடிக்கும், அடுத்த தப்புக்கு அடுத்த பொத்தான், போகப்போக ஷாக் கூடும் என்று சொல்வார்கள். பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் நிற்பார். உண்மையில் கரண்டும் இல்லை, பாடமும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குயில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எந்தப் பொத்தானுக்கு என்ன சத்தம் என்று அவளுக்குக் கணக்கு உண்டு. முதலில் ஒரு "ஆ". பிறகு "வலிக்குது". பிறகு "என்னை வெளிய விடுங்க". பிறகு நெஞ்சு வலி. அதற்குப் பிறகு ஒன்றுமே கிடையாது, வெறும் மௌனம். அழுத்துகிறவர் தயங்கினால் கோட்டுக்காரர் "தொடருங்கள்" என்பார். இன்னும் தயங்கினால் "சோதனை தொடர்ந்தே ஆகவேண்டும்" என்பார். அதற்குமேல் அவர் மிரட்டவும் மாட்டார், கையைப் பிடிக்கவும் மாட்டார். ஒரு மனிதன், சொல்கிறவன் பெரியவன் என்பதற்காக மட்டும், எதுவரை போவான் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

"எவனாவது அமுக்குவானா? நானா இருந்தா அப்பவே எந்திரிச்சு வந்துடுவேன்" என்றார் என் கணவர்.

லீவு நாளில் முதலாளி போன் செய்தால், வீட்டுக்குள்ளேயே எழுந்து நின்று பேசுகிற மனிதர் இவர். நான் குயிலைப் பார்த்தேன். குயில் தட்டைப் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்குமேல் கடைசிப் பொத்தான்வரை போனார்கள் என்பதை அவள் தன் அண்ணனிடம் சொல்லவே இல்லை.

என்னிடம் எல்லாம் சொல்வாள். சுவர் வழியாக அவளுக்கு ஆட்கள் தெரிவதில்லை, குரல்தான் தெரியும். ஒரு அம்மாள் ஒவ்வொரு பொத்தானுக்கும் "ஐயோ பாவம், ஐயோ பாவம்" என்று சொல்லிக்கொண்டே ஒன்று விடாமல் அழுத்தினாளாம். ஒருவர் தன் பிள்ளையின் வேலை விஷயமாகக் கோட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அழுத்தினாராம். ஒரு கல்லூரிப் பெண் பாதியிலேயே நாற்காலியைத் தள்ளிவிட்டு, "நீங்க யாரு சார் எனக்குச் சொல்ல?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாளாம். அன்றைக்குக் குயில் வீட்டுக்கு வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"கத்தறது சுலபம் அண்ணி. அதுக்கப்புறம் சும்மா இருக்கணும் பாருங்க, அதுதான் கஷ்டம். அவங்க கூப்பிடுவாங்க. பதில் சொல்லக்கூடாது" என்றாள்.

துறையில் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஆராய்ச்சி மொத்தமும் முடியும்வரை குயில் யாருக்கும் முகம் காட்டக்கூடாது. விஷயம் வெளியே கசிந்தால் அடுத்து வருகிறவர்கள் உஷாராகிவிடுவார்கள், எல்லாம் பாழாகும். கடைசியில் எல்லோருக்கும் உண்மையைச் சொல்லிக் கடிதம் போடுவதாக ஏற்பாடு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது, ஒரு லிஃப்ட்காரர் வரும்வரை.

அவர் தமாஷாகத்தான் ஆரம்பித்தார். நகரத்தின் பெரிய ஏழுமாடி அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறவராம். பலகையைக் காட்டியதும், "பொத்தான் அமுக்கறதுதான் சார் என் பொழப்பே. இருபது வருஷமா அமுக்கறேன்" என்று சிரித்தார். நல்ல கனிவான குரல் என்று குயில் சொன்னாள். குயில் வலிக்கிறது என்றதும் சிரிப்பு நின்றது. "நிறுத்தட்டுமா சார்?" என்றார். "தொடருங்கள்." அழுத்தினார். "அந்தம்மா அழறாங்க சார். நிறுத்தட்டுமா?" "தொடருங்கள்." அழுத்தினார். நெஞ்சு வலி வந்தது, மௌனம் வந்தது. "சார், சத்தமே இல்ல சார். போய்ப் பாக்கட்டுமா? நிறுத்தட்டுமா சார்?" அவருடைய குரல் உடைந்துவிட்டது. கடைசிப் பொத்தான்வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். யாராவது சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உயிரே வந்திருக்கும் அந்த மனிதருக்கு. யாரும் சொல்லவில்லை.

முடிந்ததும் கோட்டுக்காரர், "அவருக்கு ஒன்றுமில்லை, நீங்கள் போகலாம்" என்றார். தொடருங்கள் என்று சொன்ன அதே குரலில் சொன்னால் எவன் நம்புவான்? லிஃப்ட்காரர் நேராக வந்து குயில் இருந்த அறைக் கதவைத் தட்டினார். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

"அம்மா... இருக்கீங்களா?"

குயில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. இருக்கீங்களா?"

அவரைத் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். போகும் வழியெல்லாம் அவர் அழுதது தாழ்வாரத்தில் கேட்டதாம்.

இதைச் சொல்லிவிட்டு என் சமையலறையில் குயில் தரையில் உட்கார்ந்தாள். வானொலியில் அத்தனை சாவு செத்தவள், உண்மையில் அழுதால் சத்தமே வராது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாளே பேராசிரியையிடம் போனாள். பேராசிரியை கெட்டவர் இல்லை. காது கொடுத்துக் கேட்டார், தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். ஆனால் ஒருவருக்காக விதியைத் தளர்த்தினால் இத்தனை மாத உழைப்பும் வீணாகிவிடும் என்றார். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். "இது தொடர்ந்தே ஆகணும்" என்றார். குயில் சரி மேடம் என்று திரும்பி வந்துவிட்டாள். அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள், அலறினாள், சும்மா இருந்தாள். வீட்டில் சோறு இறங்கவில்லை. வானொலிக்காரர்கள் கூப்பிட்டால் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு எவ்வளவு நாள்தான் பொறுமை இருக்கும்? ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, அந்த மனுஷன் ஏன் நிறுத்தலன்னு மாஞ்சு மாஞ்சு பேசறியே, நீ ஏன் நிறுத்தல?"

"மேடம்தான் அண்ணி..."

"மேடம்தான் என்ன? கட்டிப் போட்டாங்களா? தொடர்ந்தே ஆகணும்னு ஒருத்தர் சொன்னாரு, அவரு அமுக்கினாரு. தொடர்ந்தே ஆகணும்னு இன்னொருத்தர் சொன்னாங்க, நீ வாயப் பொத்திக்கிட்ட. இதுல நீ சுவத்துக்கு எந்தப் பக்கம்டி உக்காந்திருக்க?"

கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டேன். ஆனால் எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவள் கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். அப்புறம் கழுத்துத் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"அந்த ஏழுமாடிக் கட்டடத்துக்கு. நீங்களும் வாங்க, எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு."

போகும் வழியில் துறையில் இறங்கிப் பேராசிரியையிடம் சொல்லிவிட்டே போகலாம் என்றாள். ஒளிந்து செய்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. நான் வாசலில் நின்றேன், உள்ளே இவள் பேசியது தெரு வரை கேட்டது. "தொடருங்க மேடம், நான் வேண்டாங்கல. ஆனா நான் தொடரல. போய் அவருகிட்ட முகத்தைக் காட்டப் போறேன். வேற குரல் வேணும்னா பாத்துக்கோங்க." பேராசிரியை என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் மெதுவாகப் பேசுகிறவர். பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்களை இதுல போட்டிருக்கவே கூடாது. இல்ல, கடைசிப் பொத்தான்வரை போனவங்க கணக்குல உங்களையும் சேர்த்து எண்ணியிருக்கணும்" என்றாராம்.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லிஃப்டுக்கு நீண்ட வரிசை நின்றது. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பைல்கட்டோடு நின்ற ஒரு குமாஸ்தாப் பெண்ணிடம் விசாரித்தேன்.

"இந்த லிஃப்ட்காரரு முன்னல்லாம் தங்கமான மனுஷங்க. இப்ப என்னமோ ஆயிடுச்சு. நாலாவது மாடின்னு சொன்னா, 'நெஜமாத்தான் சொல்றீங்களா? போகட்டுமா? ஒண்ணும் ஆகாதில்ல?'ன்னு கேக்கறாரு. பொத்தான்மேல கைய வச்சுக்கிட்டே நிக்கறாரு. மேனேஜர்கிட்ட புகார் போயாச்சு. இன்னொரு புகார் போனா சீட்டைக் கிழிச்சிடுவாங்க" என்றாள்.

குயிலின் முகத்தில் ஈயாடவில்லை.

பழைய காலத்து லிஃப்ட். இழுத்து மூடுகிற கம்பிக் கதவு, மூலையில் ஒரு முக்காலி, பித்தளைப் பொத்தான்கள். அவற்றுக்குக் கீழே தனியாகச் சிவப்பில் ஒன்று, ஆபத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. முக்காலியில் ஒல்லியாக ஒரு மனிதர், காலர்வரை பொத்தான் போட்ட சட்டை, சரியாகத் தூங்காத கண். நாங்கள் ஏறினோம். குமாஸ்தாப் பெண்ணும் வேறு சிலரும் ஏறினார்கள். கடைசியாகக் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் நுழைந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோரும் தாமாகவே ஒடுங்கி அவருக்கு இடம் விட்டார்கள். மேனேஜர் என்று கேட்காமலே தெரிந்தது.

"ஏழு" என்றார் அவர்.

"ஏழாவது மாடி... போகட்டுமா சார்?"

"அதைத்தானே சொன்னேன்?"

கதவு மூடியது. குயில் முக்காலிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அண்ணா, யுனிவர்சிட்டில சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது நான்தான். எனக்கு ஒண்ணும் ஆகல. அதுல கரண்டே கிடையாது. எல்லாம் நடிப்பு அண்ணா."

லிஃப்ட்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டு வந்த என்னைச் சொல்லவேண்டும். அவர் முகம் இன்னும் வாடிப்போயிற்று.

"உங்களை அவங்க அனுப்பினாங்களாம்மா? என் மனசு ஆறணும்னு அனுப்பியிருக்காங்க. அந்தம்மா கடைசில பேசவே இல்லம்மா. நான் கதவத் தட்டினேன். பேசவே இல்ல."

அவர் சொல்வதும் சரிதானே. அவர் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. எந்தப் பெண் வேண்டுமானாலும் வந்து நான்தான் என்று சொல்லலாம். ஆராய்ச்சிக்காரர்களுக்குக்கூட இது தோன்றியிருக்காது. நாளைக்கு அவர்கள் கடிதம் போட்டாலும் இந்த மனிதர் அதை நம்பப் போவதில்லை.

"அந்தக் குரல் ஞாபகம் இருக்கா அண்ணா?"

"மறந்தாத்தானேம்மா."

குயில் பையை என் கையில் கொடுத்துவிட்டுத் துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய், வேண்டாம்டி. இது லிஃப்டு" என்றேன். யார் கேட்டார்கள்?

முதல் மாடி கம்பிக் கதவுக்கு வெளியே இறங்கிப் போனது. "ஆ" என்றாள், சின்னதாக. லிஃப்ட்காரரின் தோள் விறைத்தது. இரண்டாவது மாடியில் இன்னும் கொஞ்சம் பெரிதாக. மூன்றாவதில், "வலிக்குது... வலிக்குதுங்க" என்றாள். பைல்கட்டு கீழே விழுந்தது.

"என்னம்மா இது, பைத்தியக்காரத்தனம்?" என்றார் மேனேஜர். "யோவ், நீ கண்டுக்காத. மேல விடு."

"நிறுத்தட்டுமா சார்?" என்றார் லிஃப்ட்காரர்.

"நிறுத்தக்கூடாது. மேல எனக்கு மீட்டிங். போய்த்தான் ஆகணும்."

நான்காவது மாடி. குயில் அடிவயிற்றிலிருந்து எடுத்தாள். "என்னை வெளிய விடுங்க! எனக்கு வேண்டாம்! விடுங்க என்னை!" அந்தச் சின்னப் பெட்டிக்குள் அந்தக் குரல் எப்படி இருந்தது என்று என்னால் எழுத முடியாது. எனக்கு எல்லாம் தெரியும், நடிப்பு என்று தெரியும், பால் பொங்கிய நாளிலிருந்து கேட்டுப் பழகியவள் நான், எனக்கே அழுகை வந்துவிட்டது. ஐந்தாவது மாடி. "நெஞ்சு... நெஞ்சு வலிக்குது..."

"மேல போ! நான் சொல்றேன், மேல போ!" என்று மேனேஜர் கத்தினார்.

குயில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு சத்தமும் இல்லை. லிஃப்டின் இரைச்சல் மட்டும். கஷ்டம் என்று அவள் சொன்ன இடம் அதுதான்.

லிஃப்ட்காரர் மேனேஜரைப் பார்க்கவில்லை. எங்கள் யாரையும் பார்க்கவில்லை. உள்ளங்கையால் ஓங்கி அந்தச் சிவப்புப் பொத்தானில் அறைந்தார். லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில், வெறும் செங்கல் சுவருக்கு முன்னால் நின்றது.

அவர் முக்காலியை விட்டு எழுந்து அவள் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா... இருக்கீங்களா?"

குயில் கண்ணைத் திறந்தாள்.

"இருக்கேண்ணா. நல்லாயிருக்கேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். இருக்கேன்."

அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்காவது காயம் இருக்கிறதா என்பதுபோல. அப்புறம் விம்மி விம்மி அழுதார். அவளும் அழுதாள். குமாஸ்தாப் பெண் எதற்கென்றே தெரியாமல் எங்களோடு சேர்ந்து அழுதாள்.

மேனேஜருக்கு இப்போதுதான் குரல் திரும்பியது.

"யாரைக் கேட்டு நிறுத்தினே?"

"நெஞ்சு வலின்னு கத்தறாங்க, நிறுத்தாம என்ன சார் பண்ணுவாரு?" என்றாள் குமாஸ்தாப் பெண், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நாங்க அத்தனை பேரும் பாத்துக்கிட்டுதானே இருந்தோம்." பின்னாலிருந்த மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"நான் இவனைக் கேட்டேன். யாரைக் கேட்டு நிறுத்தினே?"

லிஃப்ட்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முக்காலியை நேராக்கி உட்கார்ந்தார்.

"யாரையும் கேக்கல சார்" என்றார்.

பிறகு பொத்தான்கள் பக்கம் கையைக் கொண்டுபோய், எங்களைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு எந்த மாடிம்மா?" என்று கேட்டார்.